தசமப் புள்ளி

"வீட்டில பிள்ளையைப் படியெண்டு சொல்லுறேல்லையோ?"
டீச்சர் கேட்டா.
தரம் எட்டின் வாங்கு எனக்குச் சிறிது.
முழங்காலைப் பக்கவாட்டில் ஒடுக்கி இருந்தபடி
றிப்போட்டில் அந்த எண்ணைப் பார்த்தேன்.
கணிதம் இருபத்துமூன்று.
அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.
சிவப்பு என்றால் எங்கள் வேலையில்
அதற்கு அங்கால் கால் வைக்காதே என்று அர்த்தம்.

சொல்லுறேல்லை டீச்சர்.
வாயால் அல்ல,
தலையைத்தான் ஆட்டினேன்.

விடிய நாலரைக்கு ஒலுமடுச் சந்தியில்
கன்ரர் வந்து ஹோர்ன் அடிக்கும்.
டினோஜன் அப்போது போர்வைக்குள் ஒரு குவியல்.
புட்டை மூடி வைப்பேன்,
சம்பலைத் தனியே வைப்பேன்.
பின்னேரம் நான் திரும்பும்போது
கண் இமையில்கூட மண்.
அந்த முகத்தோடு எதைச் சொல்வது?

அவனுடைய அப்பா கட்டாரில் இருந்து சொன்னார்:
"நல்லாப் படி ராசா, ஃபோன் வாங்கித் தாறன்."
ஃபோன் வந்தது.

என் ஐயா சொன்னவர்.
பங்கருக்குள் குப்பிவிளக்கை முட்டுக்கொடுத்து வைத்து
படி பிள்ளை, படி பிள்ளை என்று.
படித்தேன்.
சாதாரணதரக் கணக்குச் சோதனைக்கு முதல்நாள்
உழவு மெசின் பெட்டியில் சாமான் ஏற்றினோம்.
கொம்பாஸ் பெட்டி எந்தக் குழியில் விழுந்ததோ,
இன்றுவரை தெரியாது.
அதற்குப் பிறகு அந்தச் சொல்லை
என் வாய் எடுப்பதில்லை.

சந்திப்பு முடிந்து வந்த இரவு
நாள் கணக்குத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன்.
பாதையின் அகலம் ஒன்று தசம் இரண்டு.
அன்றைக்கு நான் முழங்காலில் நகர்ந்த தூரம்
ஆறு தசம் ஐந்து.
பெருக்கி, எழுபத்தெட்டு என்று எழுதினேன்.

ஃபோனுக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது.
"ஒரு நாளில எழுபத்தெட்டுச் சதுர மீற்றரோ?
எங்கட வீட்டுத்திட்ட வீடே அவ்வளவு வராதம்மா.
புள்ளியை விட்டிட்டீங்கள்."

இருபத்துமூன்று எடுத்த பிள்ளை
சுவரையும் கூரையையும் ஒருதரம் பார்த்து
வீட்டை மனதால் அளந்துவிட்டான்.

"பிழைச்சால் என்ன செய்வினம், பேசுவினமோ?"

"பேசினால் பரவாயில்லை.
கிளறாத நிலத்தில வெள்ளைக் கம்பு நட்டிடுவினம்.
பிறகு ஆரோ அதில கச்சான் போடுவினம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.
பேனையை என்னிடமிருந்து வாங்கி
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
ஒரு புள்ளி வைத்தான்,
மெதுவாக,
நான் மண்ணில் கை வைப்பதைப்போல.

அன்றிலிருந்து தாள் முதலில் அவனிடம் போகிறது.
சில நாள் வேண்டுமென்றே புள்ளியை மாற்றி வைப்பேன்.
சில நாள் களைப்பில் அதுவாகவே மாறும்.
எது எதென்று அவனுக்குத் தெரியாது,
எனக்கும் எப்போதும் தெரிவதில்லை.
ஒருநாள் முக்கோணத்தின் பரப்பை
ஏன் பாதியாக்க வேண்டுமென்று கேட்டேன்.
பாண் துண்டைக் குறுக்கே வெட்டிக் காட்டினான்.
பாதி எனக்கு. பாதி அவனுக்கு.
எனக்குப் பெரிய பாதி.

இரண்டாம் தவணையில் நாற்பத்தொன்று.
"இன்னும் காணாது" என்றா டீச்சர்.
காணாதுதான்.
ஆங்கிலத்தில் பதினெட்டு வேறு.
கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

நேற்றுக் களத்தில் மேற்பார்வையாளர் சுகிர்தன்
தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்து கேட்டார்:
"அக்கா, இந்தச் சிவப்புச் சரி ஆர் போட்டது?
ஒவ்வொரு நாளும் கிடக்கு.
ஒஃபிஸ் தாளில கீறக்கூடாது."

விசில் ஊதியது.
தெரியாது என்று சொல்லி
முகக்கவசத்தை இறக்கினேன்.
மூச்சில் கண்ணாடி மங்கியிருந்தது.
உள்ளே நான் சிரித்தது
வெளியே தெரிந்திருக்காது.